அனுபவப் பகிர்வு: அறிவியல் நூலில் விளங்காத ஒரு பத்தி

முத்தோரைப் பயணி

வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் ஊட்டி ரேடியோ தொலைநோக்கியை இங்கே அறியாதவர் இல்லை என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். பாலாடா பேருந்தில், பொது வாசகர்களுக்காக எழுதப்பட்ட வானியல் நூல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அக்கருவி 1970இல் செயல்படத் தொடங்கியது என்பதெல்லாம் தெளிவாகவே இருந்தது. அதை ஏன் சரிவான நிலத்தில் அமைத்தார்கள் என்ற பத்தி மட்டும் மூன்று முறை படித்தும் பிடிபடவில்லை. காலடியில் காரட் மூட்டையோடு பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர், "இங்க குடுங்க தம்பி" என்று நூலை வாங்கி மூடி, அதன் முதுகு தெற்கு வடக்காக இருக்கும்படி மடியில் வைத்து, வடக்கு முனையைச் சற்றே தூக்கினார். ஊட்டியில் துருவ நட்சத்திரம் 11 பாகை உயரத்தில் தெரியும், சரிவும் அதே 11 பாகை, ஆகவே நூலின் முதுகு பூமி சுழலும் அச்சுக்கு இணையாகிவிட்டது என்றார். பிறகு முதுகை அச்சாகக் கொண்டு நூலைக் கிழக்கிலிருந்து மேற்காக மெல்லத் திருப்பி, வானில் நகரும் பொருளைத் தொடர இந்த ஒரு திருப்பம் போதும் என்று காட்டினார். பேருந்து வளைவில் திரும்பியபோதெல்லாம் வடக்கு தவறாதிருக்க நூலையும் நகர்த்திக்கொண்டே இருந்தார். நன்றி சொல்வதற்குள் இறங்கிவிட்டார். காரட் விவசாயி ஒருவருக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்பது இன்றும் மனதை அரிக்கிறது.

கொடைக்கானல் வாசகி

விவசாயிக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் வியப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. தினமும் அந்தத் தொலைநோக்கியின் அடிவாரத்தில் உழுபவர் கேட்டுத் தெரிந்துகொள்ள மாட்டாரா?

என் மகள் படித்த நூலில் சூரியக் கரும்புள்ளியை மை பூசிய வட்டமாக அச்சிட்டிருந்தார்கள். சூரியனை ஆராயும் எங்கள் ஊர் அப்சர்வேட்டரியில் அவள், "அங்கே மட்டும் சூரியன் அணைந்துவிட்டதா?" என்று கேட்டாள். கரும்புள்ளியும் ஏறத்தாழ 4,000 டிகிரியில் ஒளிர்வதுதான், சுற்றுப்புறம் 5,500 டிகிரி என்பதால் கறுத்துத் தெரிகிறது என்று அங்கிருந்தவர் விளக்கினார். இந்த ஒரு வரி நூலில் இல்லை.

ஆகவே நூல் வாங்குமுன், உங்களுக்கு நன்கு தெரிந்த ஒன்றை அது எப்படிச் சொல்கிறது என்று பாருங்கள். நான் வானியலாளர் எவர்ஷெட் பெயரைத் தேடுவேன். 1909இல் எங்கள் மலையிலிருந்து அவர் கண்டறிந்தது, கரும்புள்ளியின் ஓரப் பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்பதை. "சூரியனை ஆராய்ந்தார்" என்று மட்டும் எழுதிய நூலை அலமாரியிலேயே வைத்துவிடுவேன். அடுத்து, படங்களில் அளவு குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கலைச்சொல் முதன்முறை வரும் இடத்திலேயே விளக்கம் இருக்க வேண்டும். கடைசிப் பக்க அகராதியை எந்தக் குழந்தையும் புரட்டுவதில்லை. விளங்காத பத்தியைத் தாளில் வரைந்து பாருங்கள், முத்தோரைப் பயணி மூன்று முறை படித்ததற்குப் பதிலாக ஒருமுறை வரைந்திருக்கலாம்.

குன்னூர்க்காரன்

ஓடும் பேருந்தில் எப்படி அம்மா வரைவது? அந்தத் தொலைநோக்கியின் 1,100 கம்பிகளைத் தொலைவிலிருந்து பார்த்து, காட்டெருமைக்குப் போட்ட வேலி என்று பல ஆண்டுகள் நம்பியவன் நான். என்னைத் திருத்தியது ஒரு நூல்தான். பெரியவருக்குத் தொலைநோக்கி தெரிந்ததில் எனக்கு வியப்பில்லை. அத்தனை வளைவுகளிலும் வடக்கை எப்படித் தவறவிடாமல் வைத்திருந்தார் என்று மட்டும் சொல்லுங்கள்; அந்தச் சாலையில் எனக்கு ஊட்டி எந்தப் பக்கம் என்பதே மறந்துபோகும்.