கிளியர் அடித்ததும் குட்டி ஹெரால்ட் வெள்ளையாகப் பூத்துவிட்டது, காப்பாற்ற வழி உண்டா?

நங்கநல்லூர்_நட்டு:

வணக்கம். கையில் 12 நாள்தான் இருக்கிறது, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவிடம் ஒரு காலத்தில் மெரூன் நிற ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இருந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது, இரண்டு கதவு வண்டி. நான் பிறப்பதற்கு முன்பே விற்றுவிட்டார். ஆனால் வீட்டில் எந்தக் காரைப் பற்றிப் பேச்சு எடுத்தாலும் கடைசியில் அதில்தான் வந்து நிற்கும். இந்தக் கார்த்திகையில் அவருக்கு 75 முடிகிறது. லண்டனில் இருக்கும் அத்தை மகன் ஊருக்கு வந்தபோது ஏர்ஃபிக்ஸின் 1/32 அளவு ட்ரையம்ப் ஹெரால்ட் கிட் (ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் குட்டிக் கார்) ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். நம் ஊர் ஹெரால்டும் அடிப்படையில் அதே வண்டிதானே என்று தைரியமாக இறங்கிவிட்டேன்.

பாடி மொத்தமே 12 சென்டிமீட்டர். அக்டோபர் தொடக்கத்தில், நல்ல வெயிலில், மொட்டை மாடியில் வைத்து டாமியா டி.எஸ்-11 மெரூன் ஸ்ப்ரே கேனில் மூன்று கோட் அடித்தேன். பிரமாதமாக வந்தது, ட்யூப்லைட் அதில் நேர்கோடாகத் தெரிந்தது. நேற்று இரவு மழை விட்டதும் ஒன்பது மணிக்கு அதே மாடியில் டி.எஸ்-13 கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்தேன். ஈரமாக இருந்தவரை கண்ணாடிதான். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, பானெட்டின் நடுவிலிருந்து வெள்ளை படர ஆரம்பித்தது. இப்போது பீட்ரூட் பொரியல் மேல் தயிரைக் கொட்டியது போல இருக்கிறது. பானெட்டும் டிக்கியும் ரொம்ப மோசம், கதவுப் பக்கம் பரவாயில்லை.

ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. கேன் கெட்டுப்போயிருக்குமா? மெரூனும் கிளியரும் ஒத்துப்போகவில்லையா? மொத்தப் பெயின்டையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து அடிக்க வேண்டுமா? மெரூன் கேனைக் குலுக்கினால் அடியில் கொஞ்சம்தான் சத்தம் கேட்கிறது, அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

அரையடி_மெக்கானிக்:

ப்ரோ, யோசிக்காதீங்க. ஒரு டப்பாவில் பிரேக் ஆயில் ஊற்றி பாடியை ராத்திரி முழுக்க ஊறப்போடுங்கள். காலையில் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் பெயின்ட் தோலாக உரிந்து வந்துவிடும். நான் இரண்டு வண்டிக்கு அப்படித்தான் செய்தேன்.

புதுப்பேட்டை_ஸ்ப்ரேகன்:

தம்பி, பிரேக் ஆயில் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். பெயின்டை அது எடுக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கையில் பட்டால் எரிச்சல், தரையில் சிந்தினால் தரை பெயின்டும் சேர்ந்து வரும், ரொம்ப நேரம் ஊறினால் சில பிளாஸ்டிக் மொறுமொறு என்று ஆகிவிடும். அது கடைசி வழி.

நான் முப்பது வருஷம் நிஜக் காருக்கு பெயின்ட் அடித்தவன், இப்போது பேரனுக்காகக் குட்டிக் கார். நீங்கள் சொல்வதை நாங்கள் 'பூத்துவிட்டது' என்போம். மழைக்காலத்தில் லேக்கர் (வேகமாகக் காயும் பெயின்ட்) அடித்தவன் எவனும் இதைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டான். கேனையும் குற்றம் சொல்ல வேண்டாம், மெரூனையும் சொல்ல வேண்டாம், இரண்டும் ஒரே சாதி லேக்கர்தான்.

ஆனாலும் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, அந்த வெள்ளையை விரலால் தடவினால் வழவழப்பாக இருக்கிறதா, ரவை மாதிரி நெரநெரவென்று இருக்கிறதா? நெரநெரத்தால் தூரத்திலிருந்து அடித்து, பெயின்ட் காற்றிலேயே காய்ந்து தூளாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அது வேறு வியாதி. சிலந்தி வலை மாதிரி கோடு கோடாக இருந்தால் பிளாஸ்டிக்கே வெந்துவிட்டது, அது இன்னும் மோசம். இரண்டாவது, அடிப்பதற்கு முன்னால் பாடி எங்கே இருந்தது?

நங்கநல்லூர்_நட்டு:

சார், வழவழப்பாகத்தான் இருக்கிறது, கோடு எதுவும் இல்லை. பாடி அன்றைக்கு முழுக்க என் ரூமில், ஏ.சி.யில் இருந்தது. மழை ஈரம் படக்கூடாது என்றுதான் பத்திரமாக ஒரு ஸ்வீட் பாக்ஸில் போட்டு வைத்திருந்தேன். அங்கிருந்து எடுத்துக்கொண்டு நேராக மாடிக்குப் போனேன்.

புதுப்பேட்டை_ஸ்ப்ரேகன்:

அதுதான். ஃப்ரிட்ஜிலிருந்து பன்னீர் சோடாவை எடுத்து வெளியே வைத்தால் பாட்டில் என்ன ஆகிறது? அதையேதான் உங்கள் ஹெரால்டுக்கும் செய்திருக்கிறீர்கள்.

பள்ளிக்கரணை_நாரை:

சார் சொன்னதற்குக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன், எனக்கு இதில் கொஞ்சம் பைத்தியம். மழை விட்ட இரவில் வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பனிநிலை 26 டிகிரி. அதாவது 26-க்குக் கீழே இருக்கும் எந்தப் பொருள் மேலும் தண்ணீர் பூக்கும். ஏ.சி. ரூமிலிருந்து வந்த பாடி 24-இல் இருந்திருக்கும். பெயின்ட் படும் முன்பே கண்ணுக்குத் தெரியாத வியர்வை அதன் மேல் உட்கார்ந்துவிட்டது.

அதோடு முடியவில்லை. லேக்கரில் இருக்கும் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். கையில் சானிடைசர் பட்டால் ஜில்லென்று இருக்கிறதே, அதே கதை. கேனிலிருந்து வரும் காற்றும் குளிர்ச்சிதான். அப்படியே இன்னும் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஈரப் பெயின்டுக்குள் தண்ணீர் மாட்டிக்கொள்கிறது, பிசின் திரிந்து வெள்ளையாகிறது. அக்டோபர் வெயிலில் ஈரப்பதம் 55 சதவீதம் இருந்திருந்தால் அதே 28 டிகிரிக்குப் பனிநிலை 18-தான், அதனால் அன்றைக்குத் தப்பித்தீர்கள்.

பானெட்டிலும் டிக்கியிலும் அதிகம், கதவில் குறைவு என்றீர்களே, மேலே பார்த்த பரப்பில் கனமாக விழுந்திருக்கும். கோட் கனமாக இருந்தால் பூப்பதும் அதிகம்.

வண்டலூர்_வாசி:

கேள்விக்குப் பதில் இல்லை, மன்னிக்கவும், ஹெரால்ட் என்றதும் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. எங்கள் வண்டலூர் பக்கம்தான் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1961-இல் ஹெரால்ட் போட ஆரம்பித்தார்கள், அப்படிப் பார்த்தால் அது மெட்ராஸ்காரன். பின்னால் வந்த மார்க் 3-க்கு நான்கு கதவு, இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு நான்கு கதவே கிடையாது. உங்கள் அப்பாவுடையது இரண்டு கதவு என்பதால் கிட்டில் வெட்டி ஒட்டும் வேலை மிச்சம். பானெட், மட்கார்டு எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கம் மல்லாக்கச் சாயும், முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், எங்கள் தெருவில் ரிவர்ஸ் எடுக்காமல் திரும்பிய ஒரே கார் அதுதான்.

ஒன்று சொல்கிறேன், வெள்ளை நம்பர் பிளேட் போட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்தில் சொந்த வண்டிக்குக் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து, மூன்று எழுத்தும் அப்புறம் எண்ணும்.

நங்கநல்லூர்_நட்டு:

வண்டலூர் சார், நம்பர் அப்பாவுக்கு இன்னும் மனப்பாடம். நைசாகக் கேட்டு வாங்கிவிட்டேன்.

ஸ்ப்ரேகன் சார், சோடா உதாரணத்தைப் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். சரி, இப்போது என்ன செய்வது?

புதுப்பேட்டை_ஸ்ப்ரேகன்:

பயப்படாதீர்கள், பெரும்பாலும் மேல்தோல்தான். நிஜக் காரில் என்றால் ரிடார்டர் (காய்வதை மெதுவாக்கும் திரவம்) கலந்த தின்னரை லேசாக ஒரு ஊது ஊதுவோம். மேல்தோல் மறுபடி இளகும், தண்ணீர் வெளியே போகும், வெள்ளையும் போகும். உங்களிடம் கேன்தானே இருக்கிறது, அதே கிளியரை வைத்தே அந்த வேலையைச் செய்யலாம். புதுக் கோட்டில் வரும் கரைப்பான் பழையதை இளக்கும். கடையில் கிடைக்கும் மலிவு என்.சி. தின்னரை மட்டும் பாடி மேல் ஊற்றிவிடாதீர்கள், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

மழை இல்லாத ஒரு நாள், பகல் பன்னிரண்டிலிருந்து மூன்றுக்குள். முந்தைய இரவே பாடியை ஏ.சி.யிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் நிற்க வையுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு போதும், அடுப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பிறகு பாடியை ஹேர் டிரையரில், குறைந்த சூட்டில், ஒரு அடி தள்ளிப் பிடித்து, கன்னத்தில் வைத்தால் இளஞ்சூடு தெரிகிற அளவுக்குக் காட்டுங்கள். காற்றைவிட பாடி நாலைந்து டிகிரி சூடாக இருந்தால் தண்ணீர் உட்காராது. கிட்டத்தில் காட்டினால் கூரையைத் தாங்கும் பில்லரெல்லாம் வளைந்துவிடும், ஜாக்கிரதை.

முதல் கோட் பனி மாதிரி, பட்டும் படாமல். பத்து நிமிடம். இன்னொன்று. வெள்ளை குறைவது கண்ணுக்கே தெரியும். அதற்கப்புறம்தான் கொஞ்சம் ஈரமான கோட்.

முதலில் நேராகக் காரில் அடிக்காதீர்கள். ஏதாவது பிளாஸ்டிக் ஸ்பூனில் மெரூன், கிளியர் அடித்து, வேண்டுமென்றே பூக்க வைத்து, சரிசெய்து பாருங்கள்.

பள்ளிக்கரணை_நாரை:

பிளாஸ்டிக் ஸ்பூனுக்கு இப்போது எங்கே போவார்! எல்லாக் கடையிலும் மரக்கரண்டிதான். கிட்டில் பாகங்கள் ஒட்டியிருந்த சட்டம் இருக்குமே, அதிலேயே பாருங்கள், பிளாஸ்டிக்கும் அதேதான்.

ரிச்சி தெருவில் சின்ன டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் கிடைக்கும், ஒன்று வாங்கிப் பெயின்ட் டப்பாவோடு வைத்துக்கொள்ளுங்கள். 65-க்கு மேல் காட்டினால் நான் கேனைத் தொடுவதே இல்லை. நவம்பரில் அப்படிப் பார்த்தால் மாசத்துக்கு நாலு நாள்தான் கிடைக்கும், அது வேறு விஷயம்.

மழை என்று ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அடிக்காதீர்கள். பூஜை விளக்கு ஒன்று போதும், பற்றிக்கொள்ளும். கொரோனாவுக்கு வாங்கிய என்-95 தூசியைத்தான் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. கார்பன் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும்.

நங்கநல்லூர்_நட்டு:

மூன்று நாள் வானம் விடவே இல்லை. நேற்று மதியம் வெயில் அடித்தது, மீட்டரில் 61. சட்டத்தில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் காருக்கு வந்தேன். முதல் பனிக் கோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, மனசு விட்டுப்போச்சு. இரண்டாவது கோட் போய் ஒரு நிமிடத்தில், பானெட் ஓரத்திலிருந்து மெரூன் திரும்பி வந்தது. ஜன்னல் கண்ணாடியில் ஊதிய ஆவி ஓரத்திலிருந்து மறையுமே, அச்சு அசல் அப்படி. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். துணி காய்கிற இடத்தில் என்னடா நாற்றம் என்றார்.

டிக்கியின் மூலையில் மட்டும் பைசா அளவுக்கு லேசான மங்கல் இருக்கிறது. பாலிஷ் போட்டால் போய்விடுமா?

புதுப்பேட்டை_ஸ்ப்ரேகன்:

போகும். ஆனால் ஒரு வாரம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் பெயின்ட் வாசனை வருகிறவரைக்கும் உள்ளே காயவில்லை என்று அர்த்தம். வாசனை நின்ற பிறகு 2000 நம்பர் வாட்டர் பேப்பரை (தண்ணீரில் தேய்க்கும் நைஸ் உப்புத்தாள்) சோப்புத் தண்ணீரில் நனைத்து அந்த இடத்தில் மட்டும் நாலு இழுப்பு, அப்புறம் நைஸ் பாலிஷ் காம்பவுண்ட். பானெட் விளிம்பு, கதவுக் கோடு பக்கம் போகாதீர்கள். ஓரத்தில்தான் பெயின்ட் மெலிசாக இருக்கும், ஒரு இழுப்பில் பிளாஸ்டிக் தெரிந்துவிடும்.

நங்கநல்லூர்_நட்டு:

பாலிஷ் முடிந்தது, மூலையும் சரியாகிவிட்டது. ஆனால் புதிதாக ஒரு வினையை இழுத்துவிட்டுக்கொண்டேன். நாளை மறுநாள் விசேஷம். முன் கண்ணாடியை உடனே ஒட்டும் பசையால் ஒட்டினேன், காலையில் பார்த்தால் உள்பக்கம் விபூதி பூசியது போல இருக்கிறது. இதுவும் ஈரமா?

பள்ளிக்கரணை_நாரை:

இது வேறு. அந்தப் பசையின் ஆவி பக்கத்தில் இருக்கும் பரப்பில் படிந்து கெட்டியானதுதான் அந்த விபூதி. நம் ஊர் ஈரம் அதை இன்னும் வேகப்படுத்தும். கண்ணாடிப் பாகத்துக்கு அதை எப்போதுமே தொடாதீர்கள். நான் சாதாரண வெள்ளை ஃபெவிகால்தான் வைக்கிறேன். காய்ந்தால் ஒளி ஊடுருவும், வழிந்தால் ஈரக் குச்சியால் துடைத்துவிடலாம்.

இப்போதைக்கு, பிளேடு நுனியால் நெம்பாமல், உள்ளேயிருந்து விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள், அந்தப் பசை உதறலுக்குத் தாங்காது, பட்டென்று விடும். வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியில் வெள்ளை டூத்பேஸ்ட் ஒரு பொட்டு வைத்து, வட்டமாகப் பத்து நிமிடம். ஜெல் பேஸ்ட் வேண்டாம்.

நங்கநல்லூர்_நட்டு:

அக்கா, வந்துவிட்டது! டிரைவர் பக்கம் கீழ் மூலையில் ஒரு சின்னக் கீறல் மட்டும் நின்றுபோச்சு, வைப்பர் அதை மறைத்துவிட்டது.

நம்பர் பிளேட்டைப் போட்டோ கடையில் கிளாசி பேப்பரில் பிரின்ட் எடுத்து, 16 மில்லிமீட்டருக்கு வெட்டினேன். வெட்டிய ஓரம் வெள்ளையாகத் தெரிந்தது, கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு இழுத்ததும் சரியாகிவிட்டது.

நேற்று அப்பாவிடம் கொடுத்தோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் பேசாமல், காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நம்பரைப் படித்தார். அப்புறம் இடது பக்க முன் மட்கார்டில் கட்டைவிரலை வைத்து, "இங்கே ஒரு டொக்கு இருக்குமே, பல்லாவரத்தில் மாட்டுவண்டி இடிச்சது, அதைக் காணோமே" என்கிறார். சார், 1/32-இல் டொக்கு எப்படிப் போடுவது? மறுபடி பெயின்டைத் தொட வேண்டியிருக்குமா?

புதுப்பேட்டை_ஸ்ப்ரேகன்:

தம்பி, முப்பது வருஷமாக டொக்கு எடுத்துத்தான் பழக்கம், போட்டுப் பழக்கம் இல்லை. நாரை அம்மாவைக் கேளுங்கள்.