கஸ்டர்ட் வேப் ஜூஸ் ஊற நாலு கிழமையா? கெதியாக்க வழி இருக்கா?

புதுக்கலவை:
வணக்கம். வீட்டில கலக்கிற வேப் ஜூஸ் (மின்சிகரெட்டில ஊத்துற திரவம்) பற்றின கேள்வி. இருக்கிறது இங்கிலாந்தில, அதால நிக்கோட்டின் 10 மி.லி. போத்தலில வாற ஷொட்டாத்தான் (கலக்கிறதுக்கான நிக்கோட்டின் கரைசல்) வாங்கலாம், என்னட்ட இருக்கிறது மி.லி.க்கு 18 மி.கி. ரெசிபி இதுதான்: மொத்தம் 120 மி.லி., விஜி (கிளிசரின்) 70% பிஜி (புரோப்பிலீன் கிளைக்கோல்) 30%, நிக்கோட்டின் மி.லி.க்கு 3 மி.கி. வனிலா கஸ்டர்ட் 8%, ஸ்ட்ரோபெரி 3%, எத்தில் மோல்ட்டோல் (இனிப்பு வாசம் தாற சாமான்) 10% கரைசல் 1%.

கலந்த அண்டைக்கே இழுத்தால் ஸ்ட்ரோபெரி மட்டும் முன்னுக்கு நிக்குது. கஸ்டர்ட் இருக்கிற இடத்தில சென்ட் அடிச்ச மாதிரி ஒரு காரம். நாலு கிழமை ஊற விடச் சொல்லினம். சுடுதண்ணி, மைக்ரோவேவ், ஸ்லோ குக்கர், நகை கழுவுற அல்ட்ராசோனிக், மூடியைத் திறந்து வைக்கிறது எண்டு ஆளுக்கொரு வழி சொல்லினம். இதில எது உண்மையா வேலை செய்யும்? நிறம் பழுப்பா மாறினால் ஊறிட்டுது எண்டு எடுக்கலாமா?

தடிப்பெண்ணெய்:
ஊறுதல் என்று எல்லாரும் ஒரே சொல்லால் சொல்வதற்குள் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, கலத்தல்: பிஜியில் இருக்கிற ஃபிளேவர் தடித்த விஜி முழுவதும் சமமாகப் பரவுவது. மற்றது, முதிர்தல்: ஃபிளேவருக்குள் இருக்கிற சேர்வைகள் ஒன்றோடொன்றும் பிஜியோடும் மெதுவாகத் தாக்கமடைவது. சூடும் கலக்கலும் முதலாவதை நாள் கணக்கிலிருந்து மணி கணக்குக்குக் கொண்டுவரும். இரண்டாவதில் கொஞ்சம்தான் உதவும், அதுவும் பக்கவிளைவோடு. இதைப் பிரித்துப் பார்க்காமல்தான் ஒருவர் "ஒரு மணித்தியாலத்தில் ஊறிவிட்டது" என்கிறார், இன்னொருவர் "சூடாக்கினால் எல்லாம் பாழ்" என்கிறார். முதலாமவர் பழ ஜூஸ் கலந்திருப்பார், இரண்டாமவர் கஸ்டர்ட்.

கலத்தலில் சூடு ஏன் இவ்வளவு வேலை செய்கிறது என்றால், கிளிசரினின் பாகுநிலை 20 பாகையில் ஏறக்குறைய 1400 மில்லிபாஸ்கல் செக்கன், 40 பாகையில் 280 அளவு. ஐந்தில் ஒன்று. 50 பாகையில் பத்தில் ஒன்றுதான். அதற்கு மேல் போய்க் கிடைக்கிற லாபம் சொற்பம், ஃபிளேவருக்கு வருகிற சேதம்தான் கூடும். மாரிகாலத்தில் கராஜில் வைத்துக் கலக்கிறவர்களுக்கு விஜி அசையவே அசையாது என்பதையும் சொல்ல வேண்டும்.

உங்கள் ரெசிபிக்கு வரிசை இப்படி. அளவுக் குழாயை விட்டுவிட்டு 0.01 கிராம் காட்டுகிற தராசில் நிறையாகக் கலவுங்கள். 120 மி.லி.க்கு இரண்டு ஷொட் போதும்: 20 மி.லி. பெருக்கல் 18 என்றால் 360 மி.கி., அதை 120ஆல் பிரித்தால் 3. ஷொட்டின் போத்தலில் 70/30 என்று இருந்தால் அதற்குள்ளேயே 14 மி.லி. விஜி, 6 மி.லி. பிஜி இருக்கிறது. எனவே நீங்கள் சேர்ப்பது விஜி 70 மி.லி. (88.3 கிராம்), பிஜி 15.6 மி.லி. (16.2 கிராம்), ஃபிளேவர் 14.4 மி.லி. ஃபிளேவரைப் பிஜியாகவே கணக்கெடுத்திருக்கிறேன்.

முதலில் ஃபிளேவர் மூன்றையும் பிஜியில் விட்டு நன்றாகக் குலுக்குங்கள். எத்தில் மோல்ட்டோல் குளிரில் பளிங்காகப் படியும். போத்தலின் அடியில் ஊசி மாதிரித் தெரிந்தால் கையில் சூடாக்கிக் கரைத்த பிறகுதான் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் அளந்தது வெறும் பிஜிதான். பிறகு விஜி. இப்போது மூடியை இறுக்கி, சிப் பைக்குள் போட்டு, 45 முதல் 50 பாகைத் தண்ணீரில் அரை மணித்தியாலம். எடுத்து இரண்டு நிமிடம் பலமாகக் குலுக்கித் திரும்ப அரை மணித்தியாலம். மூன்று தரம் போதும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே நெளிகிற கோடுகள் தெரியக் கூடாது. தெரிந்தால் இன்னும் கலக்கவில்லை.

அறை வெப்பநிலைக்கு ஆறிய பிறகுதான் ஷொட்டை ஊற்றுங்கள். நிக்கோட்டினைச் சூடாக்க ஒரு காரணமும் இல்லை.

மூடிதிறவாதே:
தம்பி, மூடி திறந்து வைக்கிற கதையை முதலில விடுங்கோ. கஸ்டர்ட்டுக்கு எண்டு சொல்லித் திறந்து வைக்க, உங்கட ஸ்ட்ரோபெரிதான் முதலில பறக்கும். பழ வாசத்தைத் தூக்கிக் காட்டுறது எத்தில் பியூட்டிரேட் மாதிரி எஸ்டர்கள். அதுகள் லேசா ஆவியாகிற சாமான். போறது ஒருக்கா போனால் திரும்பி வராது. திறந்து வைக்கிறதால நன்மை இருக்கிறது ஒரே ஒரு இடத்தில: ஃபிளேவர் எதனோல் கலந்து வந்திருந்தால். அப்ப புதுசில ஒரு சாராயக் கடுப்பு இருக்கும். அதுக்கும் ரெண்டு மூண்டு மணித்தியாலம் திறந்தால் காணும். ராத்திரி முழுக்க வைக்கிறது வீண். உங்கட ஃபிளேவர் பிஜியில எண்டால் அதுவும் தேவையில்லை.

நிறத்தை நம்பாதேங்கோ. நிக்கோட்டின் காற்றிலயும் வெளிச்சத்திலயும் சூட்டிலயும் ஒட்சியேறினால் பழுப்பாகும். வனிலின் இருக்கிற ஜூஸ் நிக்கோட்டினோட சேர்ந்தால் இன்னும் கெதியா இருளும். யன்னல் வெயிலில வைச்சால் ரெண்டே நாளில தேத்தண்ணி நிறத்துக்கு வரும், ருசி வந்திருக்காது. மறுபக்கம், பழ ஜூஸ் சில மாதக்கணக்கில தண்ணி மாதிரியே இருக்கும், நல்லா ஊறியும் இருக்கும். நிறம் சொல்லுறது ரசாயனம் ஏதோ நடந்தது எண்டு மட்டும்தான். நல்லதா கெட்டதா எண்டு சொல்லாது.

மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். மூடின போத்தலுக்க அங்கங்க கொதிக்கிற புள்ளி வரும், வெளியில தொட்டால் சூடே தெரியாது. மூடி தெறிச்சால் முகத்திலதான். ஸ்லோ குக்கரில "வோர்ம்" எண்டு போட்டாலும் 60 பாகைக்கு மேல நிக்கிறதுதான் கூட. PET பிளாஸ்டிக் போத்தல் 70 பாகைக்கு வர இளகிப் போகும். கட்டாயம் அதுதான் எண்டால் கண்ணாடிப் போத்தல், ஒரு வெப்பமானி, ஆளும் பக்கத்தில. அதை விடச் சிங்கில சுடுதண்ணி பிடிக்கிறது லேசு.

புதுக்கலவை:
விளங்குது, நன்றி அண்ணை. அல்ட்ராசோனிக் ஒண்டு வீட்டில இருக்கு, ஹீட்டர் இல்லாதது. காந்தக் கலக்கி (மக்னெற்றிக் ஸ்டிரர்) வாங்கலாமா எண்டும் யோசிக்கிறன். எது மேல்?

குடுவை:
ஸ்டிரர். யோசிக்கவே வேண்டாம். அல்ட்ராசோனிக் நகைக் கருவிகள் பெரும்பாலும் 40 கிலோஹெர்ட்ஸ். தண்ணீரில் நன்றாக வேலை செய்யும் அந்த அதிர்வு, பாட்டில் சுவரைத் தாண்டி விஜிக்குள் போகும்போது மங்கிவிடும். அதில் கிடைக்கும் பலனில் பெரும்பகுதி தண்ணீர் தானாகச் சூடாவதால் வருவது. மூன்று, ஐந்து நிமிடத்தில் தானாக நிற்கிற கருவியைத் திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டு இருக்க வேண்டும். இருக்கிறதே என்று பயன்படுத்தினால் கண்ணாடி பாட்டில், தண்ணீர் மட்டம் மூடிக்குக் கீழே, ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே குலுக்கல். சில நிமிடம் ஓடியதும் கருவியை ஆறவிடுங்கள்.

ஸ்டிரர் வாங்கும்போது சூட்டுத் தட்டோடு வருவதை வாங்குங்கள். 150 மி.லி. பீக்கர், டெஃப்ளான் பூசிய 25 மி.மீ. கலக்கித் துண்டு. விஜி குளிர்ந்திருக்கும்போது வேகத்தைக் கூட்டினால் துண்டு காந்தத்தை விட்டுத் துள்ளும். முதலில் 40 பாகைக்குக் கொண்டுவந்து, பிறகு மெதுவாக வேகம். தட்டில் காட்டும் வெப்பநிலை தட்டினுடையது, ஜூஸினுடையது அல்ல. பீக்கருக்குள் தனியாக வெப்பமானி வேண்டும். பீக்கரின் வாயை மூடுங்கள். சுழி அடிவரை இறங்கினால் காற்றை உள்ளே இழுக்கிறது என்று அர்த்தம், வேகத்தைக் குறைக்கவும். குமிழி நிறைந்த பால் நிற ஜூஸ் சிலருக்குப் பெருமை. உண்மையில் அது ஆக்சிஜன் ஏற்றிய ஜூஸ்தான். நிகோடின் இல்லாமல் ஒன்றிரண்டு மணி நேரம் கலக்கியபின் ஷாட்டை ஊற்றி, சூட்டை அணைத்து, மெதுவான சுழலில் பத்து நிமிடம். பால் நுரைக்கும் கருவியிலும் இதே சிக்கல்தான், அதோடு சரியாகக் கழுவவும் முடியாது.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: ஸ்டிரரில் இரவு முழுக்க ஓடினாலும் கஸ்டர்ட் நான்கு வார கஸ்டர்ட் ஆகாது.

தடிப்பெண்ணெய்:
குடுவை சொன்ன கடைசி வரிக்குக் காரணம். வனிலின், எத்தில் வனிலின், பென்சல்டிஹைட், சின்னமல்டிஹைட் எல்லாம் அல்டிஹைடுகள். இவை பிஜியோடு சேர்ந்து அசிட்டால்கள் என்ற வேறு சேர்வைகளாக மாறும், ஒரு சமநிலை வரும்வரை. புதுசில் இருக்கிற கூரான வாசனை மழுங்கிப் போவதில் இதற்கும் பங்கு உண்டு. இந்த அசிட்டால்கள் புகையோடும் வரும், மூச்சுப்பாதையை உறுத்தக் கூடியவை என்று ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். ஆகவே கூட ஊறியது கூட நல்லது என்று ஒரு விதியும் இல்லை.

கஸ்டர்ட்டில் இன்னொன்று முக்கியம், இதைப் பலர் கவனிப்பதில்லை. வெண்ணெய் ருசிக்கு டயசிற்றைல் (மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கெடுதியான வாசனைச் சேர்வை) போடக் கூடாது என்றபடியால் அதற்குப் பதில் அசிட்டோயின் போடுவார்கள். அசிட்டோயின் நாட்பட ஒட்சியேறி டயசிற்றைலாகவே மாறும். நிக்கோட்டின் ஒரு காரம் (ருசிக் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரானது), அதன் முன்னிலையில் இந்த மாற்றம் கெதியாகும். நிக்கோட்டின் போட்ட கஸ்டர்ட்டை மூடி திறந்து சூடாக்குவது என்றால், தவிர்க்க நினைத்ததை நீங்களே காய்ச்சுகிறீர்கள். எனவே ஃபிளேவர் வாங்கும்போது டயசிற்றைல், அசிட்டைல் புரோப்பியோனைல், அசிட்டோயின் மூன்றும் இல்லை என்று பரிசோதனைத் தாளில் இருக்கிறதா பாருங்கள். பிரித்தானியாவில் நிக்கோட்டின் ஜூஸுக்கு இருக்கிற கட்டுப்பாடு தனியாக விற்கிற ஃபிளேவருக்கு அப்படியே பொருந்தாது. தாளைப் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

மூடிதிறவாதே:
இதோட ஒண்டு. சமையலுக்கு விக்கிற எசென்ஸ், எண்ணெயில கரைச்ச ஃபிளேவர் ஒண்டும் போடக் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்க போனால் கொழுப்பு நிமோனியா வரும். சீனி உள்ளது கொயிலை (வேப்பில ஜூஸைச் சூடாக்கிற கம்பி) கருக்கும். ஃபிளேவர் விஜியில கலக்காமல் மேல மிதந்து மங்கலா நிண்டால் எண்ணெய் எண்டுதான் சந்தேகப்படோணும். எவ்வளவு குலுக்கியும் ஊறாது, ஊத்திவிடுங்கோ.

குடுவை:
நேரத்தை உண்மையாகவே மிச்சப்படுத்துவது சூடு அல்ல, வரிசையை மாற்றுவது. ஃபிளேவர் மூன்றையும் அதே விகிதத்தில் (8:3:1) பெரிய அளவில் கலந்து, விஜியும் நிகோடினும் இல்லாமல், கருப்புக் கண்ணாடி பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி அலமாரியில் வையுங்கள். 144 மி.லி. கலந்தால் பத்து முறைக்கு வரும். ஃபிளேவர்கள் ஒன்றோடொன்று இணங்குவது அங்கேயே நடக்கும். நிகோடின் இல்லாததால் கருமையும் மெதுவாகத்தான் வரும். மூன்று வாரம் கழித்து எடுத்து, விஜியில் சூடுகாட்டிக் கலந்து, ஆறியதும் ஷாட். அதன்பின் மூன்று நான்கு நாள் போதும். ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு மாதம் காத்திருக்கும் தொல்லை இல்லை.

இதைச் செய்ய ரெசிபி முடிவாகியிருக்க வேண்டும். உங்கள் ரெசிபி முடிவாகவில்லை என்று நினைக்கிறேன். 3% ஸ்ட்ரோபெரி முதல் வாரத்தில் உரக்க நிற்பது இயல்பு, நான்காம் வாரத்தில் கஸ்டர்ட் அதை விழுங்கிவிடும். எத்தில் மோல்ட்டோலும் பழத்தை அமுக்கும். அதை அரை சதவீதமாக்கி, ஸ்ட்ரோபெரியை 4 ஆக்கி, 10 மி.லி. பாட்டில்களில் சோதனை செய்யுங்கள். நிகோடின் போடாத சோதனையே போதும். 3, 7, 14, 28ஆம் நாட்களில் புதிய பருத்தி வைத்த டிரிப்பரில் (ஜூஸைச் சொட்டுச் சொட்டாக விட்டு இழுக்கும் வேப் தலை) ருசி பார்த்துக் குறித்து வையுங்கள். பழைய பருத்தியில் பார்த்தால் நேற்றைய ஜூஸைத்தான் ருசி பார்ப்பீர்கள். பழம் மட்டும் என்றால் இரண்டு மூன்று நாள், மென்தோல் அன்றைக்கே, புகையிலைச் சாறு கஸ்டர்ட்டை விடவும் நீளும்.

புதுக்கலவை:
சரி, அடிக்கலவையா வைக்கிறன். ஏற்கெனவே கலந்து நிக்கோட்டினும் போட்ட 120 மி.லி. கிடக்குது, அதை என்ன செய்யிறது?

மூடிதிறவாதே:
அதை இனிச் சூடாக்காதேங்கோ. இருட்டான கபேட்டில, அறைச் சூட்டில வையுங்கோ. பெரிய போத்தலில பாதி வெறுமையா இருந்தால் சின்னப் போத்தலுக்கு மாத்துங்கோ, உள்ளுக்க காத்து குறையோணும். நாளுக்கொருக்கா குலுக்கினால் காணும், முதல் கிழமைக்கு மட்டும். போத்தலில நிக்கோட்டின் அளவும் கலந்த திகதியும் எழுதி ஒட்டுங்கோ. பிள்ளையள் இருக்கிற வீடெண்டால் பூட்டு போடுற அலமாரி, பிள்ளைப் பாதுகாப்பு மூடி. மாத்தேக்க நைட்ரைல் கையுறை போடுங்கோ, தோலில பட்டால் உடன கழுவுங்கோ. ருசி பாக்கேக்க மிளகு மாதிரித் தொண்டையில குத்தி, நிறமும் கறுத்திருந்தால் நிக்கோட்டின் பழுதாகிட்டுது, அதுக்கு மேல ஊற விட்டும் சரிவராது.