ஞானஸ்நானத்துக்குப் பின் செய்த பாவத்துக்கு மன்னிப்பு உண்டா?

கேள்வி: ரோமர் 4-ல் மன்னிப்பு இலவசம் என்கிறார் பவுல். பிறகு ஆதிச்சபையில் 'ஞானஸ்நானத்துக்குப் பின் ஒரே ஒரு மனந்திரும்புதல்' என்ற போதனை எப்படி வந்தது?

பதில் 1: முதலில் 4:4-5ஐச் சேர்த்துப் படியுங்கள். வேலை செய்தவனுக்குக் கூலி கடன். செய்யாமல் விசுவாசிக்கிறவனுக்கோ நீதியாக 'எண்ணப்படும்'. கணக்கேட்டிலும் புழங்கிய இந்த கிரேக்கச் சொல் (லொகிட்சொமாய்) அந்த ஒரே அதிகாரத்தில் 11 முறை. அதுவும் யாரை நீதிமானாக்குகிறார்? 'பக்தியில்லாதவனை'!

பதில் 2: அந்த 'ஒருமுறை' 2-ம் நூற்றாண்டின் 'ஹெர்மாஸின் மேய்ப்பன்' என்ற கிறிஸ்தவ நூலில் இருக்கிறது. சலுகையைக் கண்டு துணிந்து பாவம் செய்வார்களே என்ற பயம். விளைவு வேறு: பலர் ஞானஸ்நானத்தையே தள்ளிப்போட்டார்கள். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் பெற்றது 337-ல், மரணப்படுக்கையில்.

பதில் 3: மன்னிப்பையும் சபை ஒழுங்கையும் குழப்பாதீர்கள் ஐயா. ரோம தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டும் என்று பேரரசர் கட்டளையிட்ட துன்புறுத்தலுக்குப் பின், 251-ல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் சபையில், பலியிடாமல் சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களைத் தனித்தனியே விசாரித்துச் சேர்த்தார்கள். பலியிட்டவர்களுக்குச் சாகும் தறுவாயில்தான். அது திருவிருந்துக்குத் திரும்பும் வழி, மன்னிப்புக்கான விலை அல்ல.