மொனோவையின் இரண்டாவது ஆள் யார்?

குழு: அண்ணாமலை தாத்தா குடும்பம்
14 ஆகஸ்ட் 2021, சனிக்கிழமை

பரணி (மாலை 6:42)
[படம்]
இது அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இருக்கும் மொனோவை என்ற ஊரின் பலகை. போன மாதம் நெடுஞ்சாலை 12 வழியாகப் போனபோது எடுத்தது. ஓமஹாவிலிருந்து வடமேற்கே பல மணி நேரம் ஓட்ட வேண்டும், தெற்கு டகோட்டா எல்லைக்குப் பக்கம். பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே இருக்கும் எண்தான் மக்கள் தொகை.

மல்லிகா அத்தை (6:44)
1 என்று போட்டிருக்கிறதே பரணி. பக்கத்தில் இருந்த எண் அழிந்துவிட்டதா?

பரணி (6:45)
இல்லை அத்தை, ஒரே ஒருவர்தான். எல்சி ஐலர் என்ற அம்மா. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. 2010 கணக்கெடுப்பில், அமெரிக்காவில் சட்டப்படி பதிவான ஊர்களில் ஒரே ஒருவர் வாழ்ந்தது இங்கே மட்டும்தான்.

சித்ரா சித்தி (6:47)
ஒருத்தர் இருக்கும் இடத்தை எப்படி ஊர் என்கிறார்கள்? தனி வீடு என்றுதானே சொல்ல வேண்டும்?

கதிரேசன் பெரியப்பா (6:53)
நல்ல கேள்வி சித்ரா. அமெரிக்காவில் ஊர் என்பது நிர்வாக விஷயம். எல்லை வகுத்து, பதிவு செய்து, தனக்கென்று ஒரு வாரியம் வைத்துக்கொண்டால்தான் அது பதிவான ஊர். வரி போடலாம், மாநிலத்திடம் நிதி கேட்கலாம். நூறு வீடு சேர்ந்திருந்தாலும் பதிவு இல்லையென்றால் அது கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) ஒரு பகுதி, அவ்வளவுதான். மொனோவையின் பரப்பு அரை சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் பதிவு உயிரோடு இருக்கிறது.

பரணி (6:56)
அதை உயிரோடு வைத்திருப்பதும் அந்த அம்மாதான் பெரியப்பா. மேயர், எழுத்தர், பொருளாளர், நூலகர் எல்லாம் அவரே. ஊரில் இருக்கும் மதுக்கடையும் அவருடையது, சாப்பாடும் போடுவார். கடை உரிமத்தைப் புதுப்பிக்க மேயர் கையெழுத்து வேண்டும். விண்ணப்பமும் அவரே, கையெழுத்தும் அவரே. ஊரில் நான்கு தெருவிளக்கு உண்டு. அவற்றுக்கு மாநில நிதி கிடைக்க ஒவ்வொரு வருடமும் சாலைத் திட்டம் ஒன்று எழுதிக் கொடுக்கிறார். விளக்குக்கும் தண்ணீருக்கும் தன்னிடமே சுமார் 500 டாலர் வரி வசூலித்துக் கட்டுகிறார்.

மல்லிகா அத்தை (6:58)
கேட்கவே மனசு நிறைகிறது. அந்த வேலையை யார் செய்யச் சொன்னார்கள்? விட்டுவிட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை பாரேன்.

சித்ரா சித்தி (6:59)
மற்றவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்?

கதிரேசன் பெரியப்பா (7:11)
கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மொனோவை 1902-ல் ரயில் பாதை வந்தபோது பிறந்த ஊர். அந்தச் சமவெளியில் நூற்றுக்கணக்கான ஊர்கள் இப்படித்தான் வந்தன. நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க, தானியம் ஏற்ற, தபால் இறக்க, சில மைல்களுக்கு ஒரு நிலையம். குதிரை வண்டியில் தானியம் கொண்டுவரும் விவசாயி அன்றைக்கே வீடு திரும்ப வேண்டும் அல்லவா, அந்தத் தூரக் கணக்கில்தான் ஊர்கள் விழுந்தன. 1862 குடியேற்றச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. 160 ஏக்கருக்கு ஒரு குடும்பம் என்றால் சுற்றுவட்டாரத்தில் ஆள் நடமாட்டம் இருக்கும், கடை ஓடும், பள்ளிக்கூடம் நிறையும்.

அந்தக் கணக்கு உடைந்துவிட்டது. 1930-களின் வறட்சி ஒரு பக்கம். அப்புறம் டிராக்டர், அறுவடை இயந்திரம். இன்றைக்கு நெப்ராஸ்காவில் ஒரு பண்ணையின் சராசரி அளவு கிட்டத்தட்ட 1,000 ஏக்கர். ஆறு குடும்பம் பார்த்த நிலத்தை ஒரு குடும்பம் பார்க்கிறது. மீதி ஐந்து குடும்பம் போனதும் கடைக்கு வாடிக்கையாளர் இல்லை. கார் வந்த பிறகு குதிரைத் தூரத்துக்கும் அர்த்தம் இல்லை, எல்லோரும் பெரிய ஊருக்கே போய் வாங்கினார்கள். நிலம் இன்றும் நன்றாக விளைகிறது, மாடும் மேய்கிறது. ஊரில் ஆள்தான் இல்லை.

பரணி (7:14)
பெரியப்பா சொன்னதற்கு மொனோவையின் வரிசையே சாட்சி. 1930-களில் 150 பேர் வரை இருந்தார்கள். தேவாலயத்தில் கடைசிச் சடங்கு 1960-ல். தபால் நிலையம் 1967-க்கும் 1970-க்கும் இடையில் மூடியது. பள்ளி 1974-ல். 1980-ல் 18 பேர், 2000-ல் இரண்டே பேர், எல்சியும் கணவர் ரூடியும். 2004-ல் ரூடி இறந்துவிட்டார்.

பரணி (7:15)
அவர் நிறையப் படிப்பவர். அவர் வைத்திருந்த ஏறக்குறைய 5,000 புத்தகங்களைக் கொண்டு ஒரு சிறிய கட்டடத்தில் நூலகம் நடத்துகிறார் எல்சி. ரூடி நூலகம் என்றே பெயர்.

மல்லிகா அத்தை (7:16)
யார் வந்து படிப்பார்கள்?

பரணி (7:18)
சுற்றிலும் இருக்கும் பண்ணைக்காரர்கள் வருவார்கள். கடைக்கும் அவர்கள்தான் வாடிக்கை. ஊருக்குள் ஒருவர்தான் என்றாலும் சுற்றுவட்டாரம் காலி இல்லை அத்தை. மொனோவை இருக்கும் பாய்ட் கவுண்டி முழுக்க சுமார் 1,800 பேர் இருக்கிறார்கள்.

கதிரேசன் பெரியப்பா (7:24)
அங்கே ஆற்றையும் பார்த்தாயா? வடக்கே மிசௌரி, தெற்கே நையோப்ரரா, நடுவில் அந்தக் கவுண்டி. கிழக்கே கொஞ்ச தூரத்தில் இரண்டும் கலக்கின்றன. அது போன்கா என்ற பழங்குடி மக்களின் பூர்வீக மண். 1877-ல் அரசு அவர்களைத் தெற்கே இன்றைய ஓக்லஹோமாவுக்கு விரட்டியது. தலைவர் ஸ்டாண்டிங் பேரின் மகன் அங்கே இறந்தான். அவனை நையோப்ரரா கரையில் புதைக்க வேண்டும் என்று எலும்பைச் சுமந்துகொண்டு குளிர்காலத்தில் நடந்து வந்தார். பிடித்துவிட்டார்கள். 1879-ல் ஓமஹா நீதிமன்றத்தில் நீதிபதி டண்டி, செவ்விந்தியரும் சட்டத்தின் முன் ஒரு மனிதரே என்று தீர்ப்பளித்தார். அந்த மண்ணில் ஆள் குறைந்ததைப் பேசும்போது முதலில் அப்புறப்படுத்தப்பட்டவர்களை விட்டுவிட்டுப் பேசக் கூடாது.

சித்ரா சித்தி (7:26)
இது எனக்குத் தெரியாது மாமா. மகனைப் புதைக்க ஒரு தகப்பன் இவ்வளவு தூரம் நடந்தாரா.

பரணி (7:28)
நையோப்ரரா இப்போதும் சாது இல்லை. 2019 மார்ச்சில் பனிக்கட்டியும் வெள்ளமும் சேர்ந்து ஸ்பென்சர் அணையை உடைத்துவிட்டன. அதுவும் இதே பக்கம்தான்.

நிலா (7:33)
பரணி அண்ணா, நேற்று முன்தினம் 2020 கணக்கெடுப்பு விவரம் வெளியானதே, பார்த்தீர்களா? அதில் மொனோவைக்கு 2 என்று இருக்கிறது.

மல்லிகா அத்தை (7:34)
ஆ! துணைக்கு யாரோ வந்துவிட்டார்களா? நல்லது.

நிலா (7:39)
யாரும் வரவில்லை அத்தை. கணக்கெடுப்புத் துறை வேண்டுமென்றே எண்ணைக் கொஞ்சம் அசைத்து வெளியிடுகிறது. ஒருவர் கொடுத்த விவரத்தை வெளியே காட்டக் கூடாது என்பது சட்டம். ஒரே ஆள் வாழும் ஊரின் அட்டவணையில் வயது, இனம், பாலினம் எல்லாம் போட்டால் அது அந்த ஒருவரின் விவரம்தானே. அதனால் மாநிலத்துக்குக் கீழே உள்ள எண்களைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ கலக்குகிறார்கள். பெரிய நகரத்தில் தெரியாது. மொனோவையில் மக்கள் தொகை இரட்டிப்பாகிவிட்டது.

கதிரேசன் பெரியப்பா (7:44)
இது எனக்குச் சரியாகப் படவில்லை நிலா. கணக்கெடுப்பு என்றால் ஆளை எண்ணுவது. நெடுஞ்சாலைப் பலகையிலேயே 1 என்று எழுதி வைத்திருக்கும் அம்மாவிடம் மறைக்க என்ன இருக்கிறது? அவ்வளவு பொறுப்பாக ஊரை நடத்துகிறவருக்குப் பக்கத்தில் இல்லாத ஒருவரை உட்கார வைப்பது அவர் உழைப்புக்குச் செய்யும் மரியாதை இல்லை.

நிலா (7:49)
எல்சி அம்மாவுக்கு மறைக்க ஒன்றும் இல்லாமல் இருக்கலாம் பெரியப்பா. ஆறு பேர் உள்ள ஊரில் ஒரு புதுக் குடும்பம் வந்திருக்கிறது என்று வையுங்கள். அவர்கள் யார், என்ன இனம் என்று அட்டவணையைப் பார்த்தே அக்கம்பக்கம் சொல்லிவிடும். பயந்துபோய் அடுத்த தடவை படிவமே நிரப்ப மாட்டார்கள். ஆளுக்கு ஒரு விதி வைக்க முடியாது.

பரணி (7:52)
ஆனால் கலக்காமலே தப்பு வந்ததும் உண்டு. வயோமிங்கில் லாஸ்ட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு 2000 கணக்கெடுப்பில் 1 என்று வந்தது. ஊர்க்காரர்களோ நாங்கள் நான்கு பேர் என்று சொன்னார்கள்.

கதிரேசன் பெரியப்பா (7:55)
நிலா சொல்லும் அந்தக் குடும்பத்துக்காக ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் சின்ன ஊர்களுக்கு எண்தான் பிடிமானம். சாலை, விளக்கு, நிதி எல்லாம் எண்ணை வைத்தே கேட்கிறார்கள். இப்படிக் கலக்கியது என்று ஒவ்வொரு அட்டவணையிலும் தலைப்பிலேயே பெரிதாகப் போட வேண்டும். மாநில மொத்தம் மட்டும் அசைக்காத எண்ணா?

நிலா (7:57)
ஆமாம். நாடாளுமன்ற இடங்களைப் பங்கிடுவதே அதை வைத்துத்தான், அதனால் தொடுவதில்லை. நெப்ராஸ்கா 19,61,504. அந்த மொத்தத்தில் மொனோவைக்காகக் கற்பனை ஆள் யாரும் சேரவில்லை பெரியப்பா.