பழைய சேலைத் துணியில் அம்மாச்சியின் முகம்: துணியால் எவ்வளவு, நூலால் எவ்வளவு?

கேள்வி (மயிலாடுதுறை)

வணக்கம். என் அம்மாச்சியின் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்றை வைத்து, அவர் கட்டிய, பட்டும் பருத்தியும் கலந்த கூறைநாட்டுப் புடவையையும் பருத்திச் சேலைகளையும் வெட்டி, அவர் முகத்தைச் சுவரில் மாட்டும் குவில்ட்டாக (துணிகளுக்கு நடுவே பஞ்சு விரிப்பை வைத்துச் சேர்த்துத் தைக்கும் விரிப்பாக) தைக்க விரும்புகிறேன். ரவிக்கை தைப்பதிலும் மெஷின் எம்பிராய்டரியிலும் எனக்குப் பழக்கம் உண்டு, உருவம் தைத்ததில்லை. முகத்தில் எதைத் துணியால் செய்வது, எதை நூலால் செய்வது? சேலைகளெல்லாம் அரக்கு, மஞ்சள், பச்சை என்றே இருப்பதால் தோல் நிறத் துணியைத் தனியாக வாங்க வேண்டுமா?

பதில் (தஞ்சாவூர்)

தோல் நிறத் துணி வேண்டாம், சகோதரி. ஒரு முகத்தை நாம் அடையாளம் காண்பது அதன் நிறத்தால் அன்று. எந்த இடம் வெளிச்சம், எந்த இடம் நிழல் என்ற அமைப்பால்தான். அமெரிக்கக் குவில்ட் கலைஞர் பிசா பட்லர் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களிலிருந்தே தொடங்கி, நீலம், ஊதா, சிவப்பு என்று இயல்பில் தோலுக்கு இல்லாத நிறங்களால் முகங்களை அமைக்கிறார். 2020-இல் சிகாகோ கலை நிறுவனத்தில் அவருடைய தனிக் கண்காட்சி தொடங்கியது. அவரும் தொடக்கக் காலத்தில் தம் தாத்தா பாட்டியின் உருவத்தைத் தைத்தவர் என்பது உங்களுக்கு ஊக்கம் தரும்.

புகைப்படத்தைக் கணினியில் ஐந்து அடுக்குகளாக, அதாவது மிக வெளிறியது முதல் மிகக் கறுத்தது வரை பிரித்துப் பெரிதாக அச்சிட்டு, ஒவ்வொரு அடுக்கின் எல்லையையும் தடத்தாளில் (டிரேசிங் பேப்பரில்) வரைந்து எண் இடுங்கள். பிறகு சேலைத் துண்டுகளை எல்லாம் தரையில் பரப்பி, கைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்கு வேறு வேறாகத் தோன்றும் அரக்கும் கரும்பச்சையும் படத்தில் ஒரே கருமையாக விழுந்தால், அவ்விரண்டும் ஒரே அடுக்குக்கு உரியவை. மஞ்சள் பெரும்பாலும் நெற்றிக்கும் மூக்குத்தண்டுக்கும் பொருந்திவிடும். கட்டம் போட்ட துணியைக் கன்னத்தில் வைக்காதீர்கள், அந்தக் கோடுகள் முகத்தின் வளைவைக் கெடுக்கும். புடவைப் பகுதிக்கும் பின்னணிக்கும் அதுவே அழகு.

முகத்தின் உயரம் ஓர் அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். அப்போதுதான் கண் ஒன்றரை அங்குல அகலமாவது வரும். அதற்கும் சிறிதானால் துணித் துண்டு விரலுக்கு அடங்காது, ஓரமும் பிரியும்.

பதில் (கும்பகோணம், தையற்கடை)

மேலே சொன்னதை ஏற்கிறேன். நான் இயந்திரத்தைப் பற்றிச் சொல்கிறேன். பருத்தித் துணிகளை முதலில் துவைத்துக் கசியும் சாயத்தையும் சுருக்கத்தையும் போக்கிவிடுங்கள். பழைய பட்டு மடிப்புகளில் இற்றுப்போயிருக்கும். ஆகவே வெட்டுவதற்கு முன்பே அதன் பின்புறம் பேப்பர் கேன்வாஸை (சூட்டில் ஒட்டிக்கொள்ளும் உள்துணியை) மிதமான சூட்டில் இஸ்திரி போட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

கண், புருவம், உதடு, முடி, மூக்குத்தி ஆகிய இவை மட்டுமே நூலின் வேலை. துணியை நகர்த்தும் இயந்திரப் பல்லைக் கீழே இறக்கி, 11-ஆம் எண் ஊசியும் மேல்நூலாக 40-ஆம் எண் எம்பிராய்டரி நூலும் போட்டு, மேல்நூலின் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்தி, எம்பிராய்டரி வளையத்தில் துணியைத் தம்பட்டம்போல இழுத்துப் பொருத்தித் தையுங்கள். பஞ்சு விரிப்பைச் சேர்ப்பதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். நெருக்கமான தையல் துணியை உள்ளே இழுப்பதால், சேர்த்த பிறகு தைத்தால் கன்னம் சுருங்கிவிடும். ரேயான் நூல் பளபளக்கும் என்பதால் முடிக்கும் மூக்குத்திக்கும் வைத்துக்கொண்டு, தோல் பகுதித் துண்டுகளைத் தைக்கப் பருத்தி நூலைப் பயன்படுத்துவது நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்துத் தேர்ச்சீலைகளிலும் தொம்பைகளிலும் (உருளை வடிவத் தொங்கல்களிலும்) வெட்டி வைத்துத் தைத்த துணி உருவங்களைச் சுற்றி அழுத்தமான கோடு இருக்கும்; வீதியில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு உருவம் தெரிய அது வேண்டும். நான்கடி தூரத்தில் பார்க்கும் முகத்துக்கு அந்தக் கோடு ஆகாது. மூக்கின் ஓரத்தைக் கோட்டால் காட்டாமல் நிழல் துண்டால் காட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. புகைப்படத்தைக் கொடுத்தால் மென்பொருளே தையலாக மாற்றித் தரும் என்கிறார்களே, கணினி எம்பிராய்டரி இயந்திரத்தில் முகம் முழுவதையும் அப்படிச் செய்யலாமா? பஞ்சு விரிப்பைச் சேர்த்தபின் முகத்தின்மேல் தையல் ஓட்டுவது எப்படி?

பதில் (திருவாரூர், ஓவிய ஆசிரியர்)

அம்மா, மென்பொருள் முகத்தைப் புள்ளிகளின் தொகுப்பாகவே எடுத்துக்கொள்வதால், எலும்பு எங்கே எழுகிறது, தசை எங்கே தளர்கிறது என்பதை நூலின் திசையில் காட்டாது. துணியும் அட்டைபோல விறைத்துவிடும். வீட்டு இயந்திரங்களின் வளையம் பெரும்பாலும் நான்கு அங்குலச் சதுரமோ ஐந்துக்கு ஏழோதான் என்பதால் ஓரடி முகம் அதில் அடங்கவும் அடங்காது. கண்களை மட்டும் அதில் தைக்கலாம். விழியின் வெண்பகுதிக்குத் தூய வெள்ளை நூலைப் போடாதீர்கள், இமையின் நிழல் அதன்மேல் விழுவதால் அது சாம்பல் நிறம்தான். வெள்ளை என்பது கருவிழியில் விழும் ஒளிப்புள்ளிக்கு மட்டும், அதுவும் இரு கண்களிலும் ஒரே பக்கத்தில்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. தைத்த இடம் பள்ளமாகும், தைக்காத இடம் மேடாகும். எனவே கன்னத்தின் மேட்டையும் மூக்கு நுனியையும் முகவாயையும் தைக்காமல் விட்டு, நிழல் அடுக்குகளின் எல்லையில் மட்டும், நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தையலை ஓட்டுங்கள். கன்னத்தின் குறுக்கே ஓடும் தையல் புகைப்படத்தில் இல்லாத சுருக்கமாகத் தெரியும். அம்மாச்சிக்கு உண்மையிலேயே இருந்த சுருக்கங்களுக்கு அதே தையலைத் தயங்காமல் பயன்படுத்தலாம். பின்னணி முழுவதும் சீராகத் தைக்கப்பட வேண்டும், இல்லையெனில் மாட்டும்போது ஓரங்கள் அலையலையாக நிற்கும்.