ஆர்பிஎஸ்19 (செல்லில் புரதம் கட்டும் ரைபோசோமின் ஒரு பாகம்) குறைந்தால் சிவப்பணு சாவது எதனால்? பி53ஆ (பழுதுபட்ட செல்லை நிறுத்தும், சாகடிக்கும் புரதம்), காட்டா1ஆ (சிவப்பணு வளர்ச்சிக்கான மரபணுக்களை இயக்கும் புரதம்)?

செராங்கூன்_மணி:
டயமண்ட்-பிளாக்ஃபன் இரத்தசோகைக்கு (எலும்பு மஜ்ஜை போதிய சிவப்பணு செய்யாத பிறவி நோய்) வேர் பி53தான். நோயாளிகளில் கால்வாசிப் பேருக்கு ஆர்பிஎஸ்19இல் பழுது என்பது 1999இலிருந்தே தெரியத் தொடங்கிய விஷயம். ரைபோசோம் கட்டுமானம் தடுமாறினால் ஆர்பிஎல்5, ஆர்பிஎல்11 என்ற வேறு இரு ரைபோசோம் புரதங்களும் 5எஸ் ஆர்என்ஏவோடு சேர்ந்து, பி53ஐ அழிக்க வைக்கும் எம்டிஎம்2 புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். பி53ஐ அழிக்க ஆளில்லை; குவிகிறது, செல் சாகிறது. எலியில் பி53ஐ நீக்கியதும் சிவப்பணு கூடியதே?

தோபாயோ_செல்வி:
குவிவதை மறுக்கவில்லை, மணி. ரைபோசோம் எல்லாச் செல்லிலும் இருக்கிறது; சிவப்பணு முன்னோடி மட்டும் ஏன் அடிவாங்குகிறது? ரைபோசோம் மரபணு நன்றாக இருந்தும் காட்டா1 பழுதால் இதே நோய் வந்ததை 2012இல் கண்டார்கள். 2014இல், காட்டா1ஐக் கூட்டியதும் நோயாளிகளின் செல்கள் தேறின. ரைபோசோம் குறைவதால் காட்டா1இன் மொழிபெயர்ப்பு (எம்ஆர்என்ஏவைப் படித்துப் புரதம் கட்டுவது) குறைகிறது என்பதே என் வாதம்.

செராங்கூன்_மணி:
பி53 செல்லை நிறுத்தியதாலும் காட்டா1 குறையலாமே. வெஸ்டர்ன் பிளாட்டில் (புரத அளவைப் பட்டையாகக் காட்டும் சோதனை) பட்டை மங்கியதை வைத்து மொழிபெயர்ப்பைக் குறை சொல்ல முடியாது.

தோபாயோ_செல்வி:
அதனால்தான் பாலிசோம் ஓட்டணும்; எம்ஆர்என்ஏமேல் எத்தனை ரைபோசோம் ஏறியிருக்கின்றன என்று எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் சோதனை அது. செல்லை உடைக்கும் முன், ரைபோசோமை நின்ற இடத்திலேயே நிறுத்த சைக்ளோஹெக்சிமைடு, மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம். பிரிக்கும் குழாயில் சுக்ரோஸ் மேலிருந்து கீழே 10இலிருந்து 50 சதவீதம். எல்லாக் கரைசலிலும் மெக்னீசியம் 5 மில்லிமோலார். மெக்னீசியம் விட்டுப்போனால் 80எஸ் (முழு ரைபோசோம்) பிளந்து 40எஸ் (சிறு துண்டு), 60எஸ் (பெரு துண்டு) முகடுகள் இரண்டும் ஏறும். அந்த ஓட்டத்தைத் தூக்கிப் போடுங்கள். ஆர்பிஎஸ்19 குறைவில் 40எஸ் சரியும், தனி 60எஸ் மட்டும் எழும்பும். பிறகு காட்டா1 எம்ஆர்என்ஏ கனமான பின்னங்களிலிருந்து இலேசான பக்கம் நகர்ந்ததா என்று அளந்து பாருங்கள்; நகர்ந்தால் மொழிபெயர்ப்பு குறைந்திருக்கிறது. பி53 இல்லாத செல்லையும் கூடவே ஓட்டினால் உங்கள் சந்தேகமும் தீரும்.

நொவீனா_குருதி:
மருத்துவப் பக்கம் இரண்டு சொல்கிறேன். இந்த நோயாளிகளுக்கு ஏற்கெனவே புற்றுநோய் ஆபத்து அதிகம். பி53ஐ அடக்குவதை மருந்தாக நினைக்கவே வேண்டாம். அடுத்தது சிங்கப்பூரில் கவனிக்க வேண்டியது: இந்த நோயில் எம்சிவி (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) ஏறும், தலசீமியா சுமப்பவருக்கு இறங்கும். இரண்டும் ஒரே குழந்தைக்கு இருந்தால் எம்சிவி இயல்பாகத் தெரிந்து ஏமாற்றிவிடும். ரெட்டிகுலோசைட் (புதிதாக உருவான இளம் சிவப்பணு) எண்ணிக்கையைப் பாருங்கள். இந்த நோயைக் கண்டறிய உதவும் சிவப்பணு அடினோசின் டீஅமினேஸ் நொதிச் சோதனைக்கு இரத்தம் ஏற்றுவதற்கு முன்பே மாதிரி எடுத்துவிடுங்கள். ஏற்றிய பின் எடுத்தால் கொடையாளரின் அணுக்களையும் சேர்த்து அளப்பீர்கள்.

செராங்கூன்_மணி:
மருந்தாக வேண்டாம் என்பது சரி. ஆனால் 5க்யூ நீக்க நோயின் (5ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி இழந்து வரும் இரத்த நோய்) எலி மாதிரியிலும் பி53ஐ நீக்கியது உதவியதே, செல்வி?

தோபாயோ_செல்வி:
சாகவிருந்த முன்னோடி பிழைத்தது, சரி. அது முதிர்ந்து ஹீமோகுளோபின் நிரப்பியதா என்பது வேறு கேள்வி. உயிருள்ள செல்லை மட்டும் எண்ணாமல் முதிர்ச்சி நிலையைக் காட்டும் சிடி71, சிடி235ஏ என்ற மேற்பரப்புப் புரதங்கள் இரண்டையும் சாயமிட்டு ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் கருவி) பாருங்கள்.