சேமித்து வைத்த படம் திறந்தால் அசையவில்லை: உங்களுக்கும் நடந்ததா?

நீலத்தும்பி:

ஒரு ஓவியர் தன் சொந்தப் பக்கத்தில் சின்னச் சின்ன அசையும் படங்கள் போட்டுவந்தார். அதில் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு சாம்பல் பூனை. வால் ஆடுவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வால் அசைவதற்குச் சற்று முன்னால் இடது காது மட்டும் ஒருமுறை துடிக்கும். நாலைந்து சுற்று பார்த்த பிறகுதான் அது கண்ணில் படும். பட்டுவிட்டால் அப்புறம் வாலைப் பார்க்கவே தோன்றாது, காதுக்காகத்தான் காத்திருப்போம்.

மாதக் கடைசியோடு பக்கத்தை மூடப்போவதாக எழுதியிருந்தார். கடைசி நாள் ராத்திரி உட்கார்ந்து பதினொரு படங்களையும் ரைட் கிளிக் செய்து, 'படத்தைச் சேமி' கொடுத்து, ஒவ்வொன்றாக இறக்கினேன். பூனை, மழை, ரயில் என்று பெயர் வைத்து ஒரு ஃபோல்டரில் போட்டாயிற்று. ஒன்றையாவது திறந்து பார்த்திருக்கலாம். பார்க்காமல் தூங்கப் போய்விட்டேன்.

நாலு மாதம் கழித்துத் திறந்தால், வால் கீழே தொங்குகிறது, காது நேராக நிற்கிறது. அவ்வளவுதான். பழைய அளவை விடக் கொஞ்சம் சிறியதாகவும் பட்டது. பதினொன்றையும் திறந்தேன், ஒன்றுகூட அசையவில்லை. பக்கத்துக்குப் போனால் அந்த முகவரியே இல்லை. இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா? அந்தக் காது துடிக்கப்போகும் நொடியில் அப்படியே நின்றுவிட்டதை என்னால் மறக்க முடியவில்லை.

ஓடைக்கல்:

எனக்கும் நடந்தது, அதுவும் முப்பது பேர் முன்னால். இதயத்தின் வால்வு திறந்து மூடுவதை அழகாகக் காட்டும் ஒரு படம் கிடைத்தது. ரைட் கிளிக் செய்து 'நகலெடு', பிறகு பாடக் குறிப்பில் 'ஒட்டு'. உட்கார்ந்து விளக்கமெல்லாம் தட்டச்சு செய்து முடித்தேன். வகுப்பில் திரையில் போட்டால் வால்வு பாதி திறந்தபடி நிற்கிறது. "இப்போது இது மூடும் பாருங்கள்" என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அமைதி இன்னும் காதில் இருக்கிறது.

பிற்பாடுதான் புரிந்தது. அசையும் படம் என்பது வரிசையாக ஓடும் பல அசையாப் படங்கள், ஒவ்வொன்றும் ஒரு சட்டகம். நகலெடுக்கும்போது பெரும்பாலும் ஒரே ஒரு சட்டகம்தான் நினைவகத்துக்குப் போகிறது, மற்றதெல்லாம் தளத்திலேயே தங்கிவிடும். ஃபைலாகச் சேமித்து, 'படத்தைச் செருகு' வழியாக வைத்தால் ஓடுகிறது.

பழையவிசை:

தும்பி, ரைட் கிளிக்கைக் குறை சொல்லாதீர்கள். திரையில் எது இருக்கிறதோ அதைத்தான் அது சேமிக்கும். நாம் படம் என்று நினைப்பது பல நேரம் படமே இல்லை, அதுதான் சிக்கல். என் கதை சின்னது: ஒரு தொடரின் இருபது ஜிஃப் படங்களை இறக்கினேன், இருபதும் முன்னோட்டப் படங்கள். போனது போனதுதான். அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், உங்கள் ஃபோல்டரை நீங்களே சோதித்துப் பாருங்கள்.

முதலில் ஃபைலின் அளவைப் பாருங்கள். நூறு சட்டகம் உள்ள படம் சில பத்து கேபியில் அடங்குவது அபூர்வம். அளவு பெரிதாக இருந்தும் அசையவில்லை என்றால் படம் உள்ளே பத்திரமாக இருக்கலாம், திறக்கும் மென்பொருளுக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை. விண்டோஸ் 7-இல் இருந்த போட்டோ வியூவர் ஜிஃப்பின் முதல் சட்டகத்தை மட்டும்தான் காட்டும். மேக்கில் பிரிவியூ எல்லாச் சட்டகங்களையும் தனித்தனிப் பக்கம் போல அடுக்கிவைக்கும். அதனால் எப்போதும் ஃபைலை இழுத்து பிரவுசர் ஜன்னலில் போட்டுப் பாருங்கள். அங்கே ஓடினால் ஓடுகிற ஃபைல்தான்.

அடுத்து, பெயரின் வாலில் இருப்பதை நம்பாதீர்கள். நோட்பேடில் திறந்தால் ஒரே கிறுக்கலாக இருக்கும், ஆனால் முதல் சில எழுத்துகள் உண்மை சொல்லும். ஜி, ஐ, எஃப் என்று தொடங்கி 89ஏ என்றோ 87ஏ என்றோ வந்தால் அசல் ஜிஃப். 87, 89 இரண்டும் அந்த வடிவம் வெளியான, திருத்தப்பட்ட ஆண்டுகள். ஆர், ஐ, எஃப், எஃப் என்று தொடங்கி, சற்றுத் தள்ளி WEBP என்று இருந்தால் அது வெப்பி, அசையவும் கூடிய இன்னொரு பட வடிவம். பிஎன்ஜி என்று வந்தாலும் அவசரப்பட்டு அழிக்காதீர்கள். ஏபிஎன்ஜி என்று ஒன்று உண்டு, அசையும் பிஎன்ஜி. தெரியாத மென்பொருளில் திறந்தால் சாதாரணப் படம் போல முதல் சட்டகத்தைக் காட்டும்படிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். ஃபயர்பாக்ஸ் 2008-இலேயே அதை ஓட்டியது, குரோம் 2017-இல்தான் வந்து சேர்ந்தது. அதனால் அசையும் படத்தை அசையாதது என்று நினைத்து அழித்தவர்கள் நிறைய இருப்பார்கள் என்பது என் எண்ணம்.

ரைட் கிளிக்கில் 'படத்தைச் சேமி' வராமல் 'வீடியோவைச் சேமி' என்று வந்தால் அது எம்பி4 போன்ற வீடியோ ஃபைல். ஒன்றுமே வராவிட்டால் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்துவைத்து, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். படம், மீடியா என்று வடிகட்டி, அளவு வாரியாக அடுக்கினால் பெரியது மேலே வந்து நிற்கும். அதைப் புதிய தாவலில் திறந்து சேமியுங்கள். வீடியோவாகக் கிடைத்தால் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளை வைத்து ஜிஃப்பாக மாற்றிக்கொள்ளலாம், பெரும்பாலான இடங்களில் ஓடும்.

மணல்கோடு:

விசை சொன்னதெல்லாம் சரி, ஆனால் ஃபைல் முழுசாகக் கிடைத்தும் படம் செத்துப்போகலாம். எனக்கு நடந்தது அதுதான்.

ஓவியர்கள் படம் போடும் ஜப்பானியத் தளமான பிக்சிவில் உகோய்ரா என்று ஓர் அசையும் பட வகை இருக்கிறது தெரியுமல்லவா. அது ஜிஃப் இல்லை. ஓவியர் வரைந்த சட்டகங்கள் எல்லாம் ஒரு ஜிப் கோப்பில் தனித்தனிப் படங்களாக இருக்கும். எந்தச் சட்டகம் எத்தனை மில்லிசெகண்ட் நிற்க வேண்டும் என்ற பட்டியல் அதிலிருந்து தனியாக வரும். பக்கம் இரண்டையும் சேர்த்து ஓட்டிக் காட்டுகிறது. எனக்கு அது தெரியாது. ஜிப் மட்டும் கிடைத்தது, பிரித்தால் நாற்பத்திரண்டு படங்கள், ஒன்றுகூட விடுபடவில்லை. சந்தோஷமாக எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் கோத்து ஜிஃப் செய்தேன்.

படத்தில் ஒரு பெண் கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்வாள். அசலில் நிமிர்ந்த பிறகு ஒரு நீண்ட நிறுத்தம் இருந்தது, ஒரு நொடிக்கு மேல் இருக்கும். அந்தச் சட்டகத்தில் எதுவுமே நடக்காது. அப்புறம்தான் இமை மூடும். என் ஜிஃப்பில் அவள் படிக்கிறாள், நிமிர்கிறாள், இமைக்கிறாள், திரும்பக் குனிகிறாள். ஏதோ கொத்தித் தின்னும் கோழி மாதிரி. நாற்பத்திரண்டு சட்டகமும் என்னிடம் இருக்கின்றன, அவள் மட்டும் இல்லை.

ஓவியர் அதை எடுத்துவிட்டார். நினைவில் இருப்பதை வைத்து எத்தனையோ தடவை அந்த நிறுத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துவிட்டேன். எது அசல் என்று இப்போது எனக்கே குழப்பம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், நேரப் பட்டியல் கையில் இருந்தாலும் ஜிஃப்பில் நேரத்தின் கணக்கு நொடியில் நூறில் ஒரு பங்குதான். 33 மில்லிசெகண்டை அதில் எழுத முடியாது, 30 அல்லது 40 என்று வெட்டிக்கொள்ளும். இன்னும் வேகமாக ஓடட்டும் என்று 10 மில்லிசெகண்டோ பூஜ்யமோ கொடுத்தால் பெரும்பாலான பிரவுசர்கள் அதை 100 என்று எடுத்துக்கொண்டு தவழ விடுகின்றன. ஏபிஎன்ஜி, வெப்பி இரண்டிலும் மில்லிசெகண்ட் கணக்கே உண்டு. பட்டியலோடு ஜிப்பையும் அப்படியே வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

சாரல்:

விசை, "வீடியோவாகக் கிடைத்தால் ஜிஃப்பாக மாற்றிக்கொள்ளலாம்" என்று இவ்வளவு சுலபமாகச் சொல்லாதீர்கள். நான் அப்படிச் செய்துதான் கெடுத்தேன். கடல்மேல் சூரியன் இறங்கும் பத்து நொடிக் காட்சி. ஆரஞ்சிலிருந்து ஊதாவுக்கு வானம் நகர்வது தெரியாமல் நகரும். ஜிஃப்பில் ஒரு சட்டகத்துக்கு ஒரு வண்ண அட்டவணை, அதில் அதிகபட்சம் 256 நிறம்தான். மாற்றி முடித்துப் பார்த்தால் வானம் பட்டை பட்டையாக, படிக்கட்டு மாதிரி இருந்தது. ஃபைலும் வீடியோவைப் போலப் பத்து மடங்குக்கு மேல் வீங்கிவிட்டது. மாற்றினாயிற்றே என்று அசல் எம்பி4-ஐ அழித்துவிட்டேன். இப்போது அந்தப் படிக்கட்டு வானம்தான் மிச்சம்.

தளம் எம்பி4-ஆகக் கொடுத்தால் எம்பி4-ஆகவே வையுங்கள். சுற்றிச் சுற்றி ஓட வேண்டுமா, பிளேயரில் 'மீண்டும்' பொத்தான் இருக்கிறது.

பழையவிசை:

சாரல், அசலை அழிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. நிறப் பட்டைக்கும் வழி இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக்கில் முதல் ஓட்டத்தில் அந்தக் காட்சிக்கே உரிய நிறங்களை எடுத்து அட்டவணை செய்து, இரண்டாவது ஓட்டத்தில் அதை வைத்து மாற்றினால் பட்டை வெகுவாகக் குறையும். ஆனால் அளவு பற்றி நீங்கள் சொன்னது உண்மை, அதை நான் எழுதியிருக்க வேண்டும். மாற்றுவது பிறருக்கு அனுப்ப மட்டும். வைத்துக்கொள்ள, வந்த வடிவமே.

வேலிக்கொடி:

நீங்கள் எல்லாம் தொலைத்ததைச் சொல்கிறீர்கள். எனக்குத் திரும்பக் கிடைத்தது, ஆனாலும் ஏதோ குறைகிறது.

தொண்ணூறுகளின் கடைசியில், யார் வேண்டுமானாலும் இலவசமாகச் சொந்தப் பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் தளத்தில் எனக்கு ஒரு பக்கம் இருந்தது. மேலே ஓரத்தில் இறக்கை முளைத்த ஒரு கடித உறை பறக்கும், யாராவது எழுதட்டும் என்று வைத்திருந்தேன். 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் மூடியபோது அதை எடுத்து வைக்கவில்லை. பல வருஷம் கழித்து, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்கைவ் அங்கிருந்து காப்பாற்றிய ஜிஃப் படங்களையெல்லாம் தேடும்படி ஜிஃப்சிட்டீஸ் என்று 2016-இல் ஒரு தளம் வைத்தது. அங்கே போய் 'கடிதம்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் போட்டு உருட்டினேன். நூற்றுக்கணக்கான உறைகள் ஒரே நேரத்தில் பறந்துகொண்டிருந்தன. அவற்றின் நடுவில் என்னுடையது. இடது இறக்கை நுனியில் ஒரு புள்ளி விடுபட்டிருக்கும், அதை வைத்துக் கண்டுபிடித்தேன்.

சேமித்து ஓட்டினால் படபடவென்று பறக்கிறது. எனக்கு நினைவிருக்கும் உறை அப்படிப் பறக்காது. டயல்-அப் இணைப்பில் சட்டகம் சட்டகமாக வந்து இறங்கும், வந்தது வந்தவுடன் தெரியும். முதல் சுற்றில் ஒரு இறக்கை தூக்கும், நிற்கும், மோடம் யோசிக்கும், அப்புறம் இறக்கை இறங்கும். முழுசாக வந்த பிறகுதான் சீராகப் பறக்கும். அந்த முதல் தயக்கமான சுற்று எந்த ஃபைலிலும் இல்லை. மணல்கோடு சொன்ன நிறுத்தத்தைப் படித்ததும் இதுதான் ஞாபகம் வந்தது.

தும்பி, பக்கத்தின் பழைய முகவரி உங்களிடம் இருந்தால் அதே ஆர்கைவின் வேபேக் மெஷினில் போட்டுப் பாருங்கள், பக்கங்களின் பழைய பிரதிகள் தேதிவாரியாக அங்கே இருக்கும். பக்கம் கிடைத்துப் படம் மட்டும் கிடைக்காமல் போவதும் உண்டு, அதனால் ஒரே தேதியோடு விட்டுவிடாமல் அங்கே இருக்கும் எல்லாத் தேதிகளையும் சொடுக்குங்கள். அதிலும் இல்லையென்றால் அந்த ஓவியருக்கே எழுதிக் கேளுங்கள். வரைந்தவரிடம் அசல் இருக்க வாய்ப்பு உண்டு.

நீலத்தும்பி:

எல்லோருக்கும் நன்றி. விசை சொன்னபடி அளவைப் பார்த்தேன். பத்து ஃபைல் முப்பது நாற்பது கேபிதான். பட்டியல் பக்கத்தில் இருந்தபடியே அவசர அவசரமாகச் சேமித்திருக்கிறேன், அங்கே தெரிந்தவை முன்னோட்டங்கள். பூனையும் அதில் ஒன்று.

ஒன்று மட்டும் 2.6 எம்பி. பெயரின் முடிவில் பிஎன்ஜி. அன்றைக்கு அதை மட்டும் தனியாகத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சேமித்தது நினைவிருக்கிறது. பிரவுசரில் இழுத்துப் போட்டேன். மழை பெய்கிறது. தெருவிளக்குக்குக் கீழே மட்டும் துளிகள் மஞ்சளாகத் தெரிகின்றன. இத்தனை மாதமும் இது என்னிடம் ஓடாமல் உட்கார்ந்திருக்கிறது.

வேபேக்கில் நாலு தேதிகள் இருக்கின்றன. மூன்றைப் பார்த்துவிட்டேன், பூனை இருந்த இடத்தில் வெறும் கட்டம்தான். நாலாவது இன்னும் திறந்துகொண்டே இருக்கிறது. அதிலும் இல்லையென்றால் இன்றைக்கே ஓவியருக்கு எழுதுகிறேன்.